விளையாட்டுத் துவக்கு வாங்கப் போகும் தம்பிக்கு



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வருகிறேன். ஹவுழடியில் ஒரு மாணவன் எனக்காகக் காத்து நின்றான். உயர்தர வகுப்பில் படிப்பவன். மாலையில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சொற்பக் காசு சேர்ப்பவன். அவனுடைய வாப்பா ஒரு கடையில் சம்பளத்துக்கு நிற்கிறார். பெருநாளைக்குக் கிடைத்த காசையும் அவன் செலவழிக்காமல் வைத்திருக்கிறான்.

தன் தொலைபேசியை என் முன்னால் நீட்டினான். அதில் ஒரு படம் ஓடியது. முகமூடி அணிந்த வாலிபர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து, நீண்ட துவக்குகளைத் தூக்கிக்கொண்டு, ஓர் இடிந்த கட்டடத்துக்குள் பதுங்கிப் பதுங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"மௌலவி, இதுக்குப் பேர் எயார்சொப்ட். நிசத் துவக்கு இல்லை. குண்டு பிளாஸ்டிக். ஆரும் சாக மாட்டினம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து குறைஞ்ச காசில தொடங்குவம் எண்டு பாக்கிறம். இது கூடுமா?"

"எங்க விளையாடப் போறீங்கள் தம்பி?"

"எங்கட தெருவில உடைஞ்சு கிடக்கிற வீட்டுக்குள்ள. அங்க ஒருத்தரும் இல்லை. இடத்துக்குக் காசும் குடுக்கத் தேவையில்லை."

ஒரே சொல்லில் 'கூடும்' என்றோ 'கூடாது' என்றோ சொல்லி அவனை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் மறைத்துச் செய்யாமல் வந்து கேட்டவன். கேட்டு வந்த பிள்ளைக்கு நியாயமான விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அன்று அவனுக்குச் சொன்னதையும், வீட்டுக்கு வந்த பின் யோசித்ததையும் சேர்த்து இந்த மாதம் எழுதுகிறேன். இவனைப் போன்ற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம் அல்லவா?

இது என்ன விளையாட்டு?

எயார்சொப்ட் ஜப்பானில் 1970களில் பிறந்தது. அந்நாட்டில் பொதுமக்கள் கைத்துவக்கு வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே துவக்கின் வடிவத்தில் ஆசை கொண்டவர்களுக்காக, 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குண்டைக் காற்றின் அழுத்தத்தால் தள்ளும் விளையாட்டுத் துவக்குகளைச் செய்தார்கள். 1991இல் டோக்கியோ மருய் என்ற நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் ரைபிளைக் கொண்டுவந்தது. அதன் பிறகு இது பல நாடுகளுக்கும் பரவி, விதிகளும் நடுவர்களும் உள்ள விளையாட்டாக வளர்ந்தது.

இதில் மூன்று வகை உண்டு. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் ஸ்பிரிங் வகை. மின்கலத்தால் இயங்கும் வகை. வாயு அடைத்துச் சுடும் வகை. இவற்றுள் ஸ்பிரிங் வகைதான் மலிவு. பெருநாள் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் பிள்ளைகள் வாங்கும் குண்டுத் துவக்கு இதன் சின்னத் தம்பிதான். ஆகவே, 'எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை' என்று எந்தப் பெற்றோரும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

இந்த விளையாட்டில் நல்ல அம்சங்களும் இருக்கின்றன. குண்டு பட்டவன் தானே கையை உயர்த்தி 'பட்டது' என்று சொல்லி வெளியேற வேண்டும். உடம்பில் அடையாளம் எதுவும் பதிவதில்லை. யாரும் பார்க்காவிட்டாலும் உண்மை சொல்ல வேண்டும். நேர்மை இல்லாதவன் இதை விளையாடவே முடியாது. ஓட்டமும் உண்டு, கூட்டு முயற்சியும் உண்டு.

குறி பார்த்து எய்யும் பயிற்சியை நமது மார்க்கம் வெறுக்கவும் இல்லை. அஸ்லம் கோத்திரத்து வாலிபர்கள் அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்த இடத்தைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அவர்களை உற்சாகப்படுத்திய செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்தத் தம்பியின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆசையை எங்கே, எப்படி, யாருக்கு மத்தியில் நிறைவேற்றுவது என்பதுதான் கேள்வி.

முதல் காசு எதற்கு?

குறைந்த காசில் தொடங்குகிற மாணவன் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று. இருக்கிற காசு முழுவதையும் துவக்குக்குக் கொடுத்துவிடுவான். கண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். சாதாரணமாகப் பாவிக்கும் குண்டின் நிறை 0.20 கிராம். நல்ல துவக்கிலிருந்து அது விநாடிக்குச் சுமார் 100 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. அப்படியானால் அதன் சக்தி ஏறத்தாழ 1 ஜூல். சட்டைக்கு மேல் பட்டால் ஒரு சிவப்புத் தடிப்பு, கொஞ்சம் எரிவு, அவ்வளவுதான். அதே குண்டு கண்ணில் பட்டால்? கருவிழிக்குப் பின்னால் இரத்தம் கட்டும். கண்ணின் வில்லை மங்கிப் புரை விழலாம். விழித்திரை கிழியலாம். அன்று ஆறிவிட்டதாகத் தெரியும் கண்ணிலேயே, சில வருடங்களின் பின் அழுத்தம் கூடிப் பார்வை குறைவதும் உண்டு.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் பின்னேரம். ஒழுங்கைக்குள் பிள்ளைகள் புதிதாக வாங்கிய குண்டுத் துவக்குகளோடு ஓடித் திரிந்தார்கள். ஒரு குண்டு ஒரு சிறுமியின் புருவத்தில் பட்டது. கண்ணுக்கு ஒரு விரலளவு மேலே. அல்ஹம்துலில்லாஹ், தடிப்போடு போயிற்று. ஆனால் சுட்ட பையன் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அடிபட்டவளைவிட அவன்தான் அதிகம் நடுங்கினான். அந்த ஒரு விரலளவு இடைவெளியை அவனா அளந்து வைத்தான்?

சிறு கற்களை விரலிடுக்கில் வைத்துச் சுண்டி எறிவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதனால் வேட்டைப் பிராணி விழுவதுமில்லை, எதிரி வீழ்வதுமில்லை, பல் உடைவதும் கண் போவதுமே மிச்சம் என்பதைக் காரணமாகவும் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி இருக்கிறது. அறபுக் கல்லூரியில் இந்தப் பாடத்தைப் படித்த காலத்தில், 'இவ்வளவு சின்ன விடயத்துக்கு ஒரு தடையா?' என்று நினைத்ததுண்டு. அந்தப் பெருநாள் பின்னேரம்தான் எனக்கு அது முழுமையாக விளங்கியது.

ஆகவே செலவின் ஒழுங்கு இதுதான். முதலாவது, கண்ணையும் பக்கங்களையும் முழுவதுமாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. படிக்கிற கண்ணாடியும், நீந்துகிற கண்ணாடியும், வெயில் கண்ணாடியும் இதற்கு உதவா. 'இஸட் 87' என்ற தர அடையாளம் பொறித்த கண்ணாடியை வெளிநாட்டு மைதானங்களில் கேட்பார்கள். இரண்டாவது, பல்லைக் காக்கக் கீழ்முகத்துக்கு ஒரு மறைப்பு. மூன்றாவது, உருண்டை சீரான நல்ல குண்டு. பொருத்துவரி தெரியும் மட்டமான குண்டு குழலில் சிக்கித் துவக்கையே கெடுக்கும். துவக்கு நான்காவதுதான். அதையும் முதல் நாளே வாங்கத் தேவையில்லை. மைதானங்கள் உள்ள நாடுகளில் முதலில் வாடகைக்கு எடுத்துத்தான் விளையாடுகிறார்கள். நாலு பேரிடம் கண்ணாடி இரண்டுதான் இருக்கிறதென்றால், அன்று விளையாடுகிறவர்கள் இரண்டு பேர்தான்.

பார்ப்பவர் கண்ணுக்கு அது என்ன?

கண்ணாடியும் வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி இன்னும் கனமானது. கையில் இருப்பது விளையாட்டுப் பொருள் என்பது உனக்குத் தெரியும். தெருவில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் 2014 நவம்பர் 22ஆம் திகதி டமீர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் ஒரு பூங்காவில் எயார்சொப்ட் கைத்துவக்கோடு விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டுத் துவக்கு என்பதைக் காட்டும் செம்மஞ்சள் முனை அதில் இருக்கவில்லை. யாரோ பொலிசுக்கு அறிவித்தார்கள். வந்த பொலிஸ்காரர் இரண்டு விநாடிகளுக்குள் சுட்டார். மறுநாள் அந்தப் பிள்ளை இறந்துபோனான். அதற்கு முந்திய வருடம் கலிபோர்னியாவில் 13 வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் இதே கதி நேர்ந்தது. 'ஆரும் சாக மாட்டினம்' என்று அந்தத் தம்பி சொன்னபோது எனக்கு இந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்களைக் கொன்றது பிளாஸ்டிக் குண்டு இல்லைத்தான். பிளாஸ்டிக் துவக்கின் தோற்றம் அதற்குப் போதுமாக இருந்தது.

நம்மவர்கள் பலர் வாழும் பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் போலித் துவக்கு எதையும் விற்க முடியாது. நிசத் துவக்கைப் போலவே இருப்பதை, பதிவு செய்த மைதானத்தில் ஒழுங்காக விளையாடுகிறவரைப் போன்ற சிலருக்குத்தான் விற்கலாம். மற்றவர்கள் பளிச்சென்ற நிறம் பூசியதைத்தான் வாங்கலாம். துவக்குச் சத்தம் கேட்டறியாத தெருக்களிலேயே இவ்வளவு கட்டுப்பாடு. நமது தெருக்கள் எதையெல்லாம் கேட்டிருக்கின்றன?

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் அறிவித்த நாள். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு முன்பு என் மாமா எனக்கு ஒரு பலகைத் துவக்குச் செய்து தந்திருந்தார். கறுப்புச் சாயம் பூசியது. உம்மா துணிகளை மூட்டை கட்டும்போது நான் அதையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். வாப்பா கண்டார். ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கிணற்றுக்குள் போட்டுவிட்டு வந்தார். புத்தளத்துக்குப் போய்ச் சேரும்வரை நான் வாப்பாவோடு கோபமாக இருந்தேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அந்தக் கோபம் வெட்கமாக மாறியது. வழி நெடுகச் சோதனை செய்கிறவர்களின் கண்ணுக்கு அந்தப் பலகை என்னவாகத் தெரியும் என்று வாப்பா ஒரு நொடியில் யோசித்திருக்கிறார்.

நான் துவக்குக்குப் பயந்தவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நமது ஒழுங்கைகளில் இன்றும் நடமாடும் மூத்தம்மாக்களும் பெரியப்பாமாரும் அப்படிப்பட்ட இரவுகளைக் கடந்தவர்கள். பக்கத்துத் தெருவில் வாழும் தமிழ்ச் சகோதரர்களின் வீடுகளிலும் திரும்பி வராத பிள்ளைகளின் படங்கள் சுவரில் தொங்குகின்றன. முகமூடியும் நீண்ட துவக்குமாக ஒரு வாலிபன் மதிலால் எட்டிப் பார்த்தால் அவர்களுடைய நெஞ்சு என்ன பாடுபடும்? பயணத்தில் தூங்கிக்கொண்டிருந்த தோழரின் கயிற்றை இன்னொருவர் விளையாட்டாக எடுக்கப் போய், அவர் திடுக்கிட்டு எழுந்தபோது, ஒரு முஸ்லிமைப் பயமுறுத்துவது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அது வெறும் கயிறு! தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும் கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள். கை தவறினால் என்ன ஆகும் என்பது நீட்டுகிறவனுக்கே தெரியாது என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

சட்டமும் இருக்கிறது. நமது நாட்டில் துவக்குகளைக் கட்டுப்படுத்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். வெளிநாட்டிலிருக்கும் மாமாவின் பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்வது, பொதியில் வேறு பெயர் எழுதி இறக்குவது போன்ற யோசனைகள் வேண்டாம். அகப்பட்டால் பதில் சொல்லப் போவது உன் வாப்பாதான். வாப்பாவோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய் எழுத்தில் கேள். சுங்கத்திடமும் எழுத்தில் கேள். கடிதத்துக்கு முத்திரைக் காசுதான் செலவு.

ஆளில்லாத வீடா, ஆள் வராத வீடா?

அந்தத் தம்பி சொன்ன வீட்டை எனக்குத் தெரியும். கூரை இல்லை. முன்விறாந்தையில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. சுவர்களில் குண்டுத் துளைகள். படத்தில் ஓடிய கட்டடத்தைப் போலவே இருக்கிறது என்பது உண்மைதான். அங்கே விளையாட்டுக்காக இடித்துக் கட்டிய சுவர். இங்கே ஒரு குடும்பம் சோறு தின்ற சுவர்.

அந்த வீட்டுக்கார மூதாட்டி புத்தளத்தில் பிள்ளைகளோடு இருக்கிறார். கண்டால் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கிணத்தில தண்ணி ஊறுதா மௌலவி?" என்பதுதான். வீட்டைப் பற்றி அவர் கேட்பதில்லை. அது எப்படிக் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த வீடு நம்மிடம் இருக்கும் அமானிதம். உரியவரைக் கேட்காமல் அதற்குள் நுழைய நமக்கு உரிமை இல்லை. நுழைந்து, அதே சுவரில் திரும்பவும் குண்டு பதிப்பது எப்படி நியாயமாகும்?

இன்னோர் ஆபத்தும் உண்டு. இந்தத் தீபகற்பத்தில் பற்றைக் காடுகளும் கைவிடப்பட்ட வளவுகளும் மற்ற ஊர்களில் உள்ளவற்றைப் போன்றவை அல்ல. கண்ணிவெடி அகற்றும் ஹலோ டிரஸ்ட் நிறுவனம் 2002இலிருந்து நமது நாட்டில் வேலை செய்து வருகிறது. 2009இல் போர் முடிந்து பத்து வருடங்களுக்கு மேலான பிறகும், குடாநாட்டின் கழுத்தைப் போன்ற முகமாலையில் நிலத்தை அங்குலம் அங்குலமாகக் கிளறி வெடிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதுங்குவதும் ஊர்ந்து போவதும்தான் இந்த விளையாட்டு. துப்புரவு செய்து அறிவிக்கப்படாத நிலத்தில் ஊர்ந்து போகலாமா? வெடிக்காத பொருள் எதையாவது கண்டால் தொடாதே, உதைக்காதே. வந்த வழியே திரும்பிப் போய்ப் பொலிசுக்குச் சொல்.

காசே இல்லாமல் எப்படித் தொடங்குவது?

'அப்படியெண்டால் ஒண்டும் செய்யேலாதா?' என்று அவன் கேட்டான். செய்யலாம். குறி பார்ப்பது துவக்கில் தொடங்குவதில்லை. அசையாமல் நிற்பதில் தொடங்குகிறது.

ஒலிம்பிக்கில் எயார் ரைபிள் என்ற போட்டி 1984இலிருந்து நடக்கிறது. 10 மீற்றர் தூரத்தில் உள்ள இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர்தான். அதைத் தொடுகிறவர்கள் சுடாமல் நின்றும் நெடுநேரம் பழகுகிறார்கள். கடலூரில் பிறந்த தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன் 2019இல் இந்தப் போட்டியின் உலகக் கிண்ணத்தில் தங்கம் வென்றார். நமது நாட்டின் தெஹானி எகொடவெல 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே போட்டியில் பங்குபற்றினார். முகமூடியும் பதுங்கலும் இல்லாமலே உலகம் வரை போகும் வழி இது. இதைத் தனியாக ஒழுங்கைக்குள் பழக முடியாது. கழகமும் பயிற்றுநரும் அனுமதி பெற்ற இடமும் வேண்டும். கழகத்தின் துவக்கில் பழகலாம் என்பதால், ஏழைப் பிள்ளைக்கும் அது ஒரு வாசல்.

அதுவரை வீட்டிலேயே இதைச் செய். சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வை. ஐந்து மீற்றர் தள்ளி நில். தண்ணீர் நிரப்பிய போத்தல் ஒன்றைக் கையை நீட்டிப் பிடி. மூச்சை மெதுவாக விட்டு, பாதி விட்ட இடத்தில் நிறுத்தி, போத்தலின் மூடி அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்கிறதா என்று பார். தினமும் பத்து நிமிடம். முதல் வாரம் கை நடுங்கும். ஒரு மாதத்தில் நடுக்கம் குறையும். பிறகு நாலு பேரும் சேர்ந்து, மதில் உள்ள சொந்த வளவில் ஒற்றை விக்கெட் நட்டுப் பந்து எறிந்து போட்டியிடுங்கள். யாருக்கு எத்தனை பட்டது என்பதை எறிந்தவனே சொல்லட்டும். அந்த நேர்மைதான் எயார்சொப்டின் சாரம். அதற்குக் காசு தேவையில்லை.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். காகம், பூனை, அணில் எதையும் இலக்காக வைக்காதே. உயிருள்ளதைக் குறியாக நிறுத்தி எய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியும் நம்மிடம் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளை துவக்கு கேட்டால் உடனே ஏசாதீர்கள். நாம் போரைப் பார்த்தோம். அவர்கள் படத்தைத்தான் பார்க்கிறார்கள். நாம் பட்டதை நாம் சொல்லாவிட்டால், அந்த உடைந்த வீடு அவர்களுக்கு வெறும் விளையாட்டிடமாகத்தான் தெரியும். பெருநாளைக்குக் குண்டுத் துவக்கு வாங்கிக் கொடுப்பதானால் கண்ணாடி இல்லாமல் கொடுக்காதீர்கள். கண்ணாடிக்குக் காசில்லை என்றால் துவக்குக்கும் காசில்லை என்று சொல்லுங்கள். ஒரு பந்தை வாங்கிக் கொடுங்கள்.

அந்தத் தம்பி ஆசையை விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டேன். பொலிசுக்குக் கடிதம் எழுதி வாப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறான். விடை இன்னும் வரவில்லை. காசு அப்படியே இருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "மௌலவி, அந்தக் கிணத்தை எட்டிப் பாத்தன். தண்ணி இருக்கு. அவவுக்குச் சொல்லுறீங்களா?"

அன்றிரவே சொல்லிவிட்டேன். நமது பிள்ளைகளின் கண்களையும் கைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.